பச்சைச் சில்லையை எப்படி அடையாளம் காண்பது? நிறத்தை நம்பாதீர்கள், விலாவைப் பாருங்கள்

சென்ற ஜனவரியில் ராஜஸ்தானின் ஆபு மலைக்குப் போயிருந்தபோது, பாறைகளுக்கும் புதர்களுக்கும் நடுவே இருந்த ஒரு வயல் வரப்பில் நான்கு சிறு பறவைகளைப் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று பறவைகள் பச்சை, அலகு நல்ல சிவப்பு, விலாவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். நான்காவது மங்கலான பழுப்பு, அலகு கறுப்பு. அது வேறு ஏதோ குருவி என்று விட்டுவிட்டீர்கள். பச்சைப் பறவைகள் உண்மையிலேயே பச்சைச் சில்லைகளா, அல்லது யாரேனும் கூண்டிலிருந்து விட்டவையா என்பது உங்கள் முதல் கேள்வி. புல்வெளிப் பறவை என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்த இடத்தில் புல்வெளி என்று சொல்லும்படி எதுவும் இல்லையே என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. அதைக் கேட்காமல் போகிறவர்களே அதிகம்.

முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது. ஆம், அவை பச்சைச் சில்லைகள். விலாவில் இருந்த கோடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும். பச்சை மேனி, சிவப்பு அலகு, விலாவில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்த சின்னஞ்சிறு பறவை இந்தியாவில் வேறு கிடையாது. கூண்டிலிருந்து தப்பியவையாக இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் நின்ற இடம் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சில்லை என்றால் நெல் வயலிலும் தினைப் புனத்திலும் கூட்டமாக வந்திறங்கும் குட்டையான, தடித்த அலகுடைய குருவிகளை நாம் அறிவோம். புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்முதுகுச் சில்லை எல்லாம் அந்தக் குடும்பத்தில் அடங்கும். சிட்டுக்குருவிக்கும் தூக்கணாங்குருவிக்கும் தூரத்து உறவு என்றாலும், இவை தனிக் குடும்பம். பச்சைச் சில்லையின் அறிவியல் பெயர் அமந்தாவா ஃபார்மோசா. ஃபார்மோசா என்பதற்கு லத்தீனில் அழகானது என்று பொருள். அமந்தாவா என்ற முதற்பெயரில் ஒரு நகரம் ஒளிந்திருக்கிறது. முற்காலத்தில் இக்குருவிகள் அகமதாபாத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கூண்டுகளில் போயின. அந்த ஊர்ப் பெயர் வாய்க்கு வாய் திரிந்து பறவையின் பெயராகிவிட்டது. இந்தப் பேரினத்தில் மொத்தமே மூன்று இனங்கள். நம் நாட்டில் பரவலாக உள்ள சிவப்புச் சில்லை ஒன்று, ஆப்பிரிக்காவில் வாழ்வது ஒன்று, மூன்றாவது இந்தப் பச்சைச் சில்லை. இது இந்தியாவுக்கு மட்டுமே உரியது. பிடித்து விற்கப்பட்ட ஊரின் பெயரையே ஒரு பறவை சுமந்து திரிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அளவைச் சொல்கிறேன். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். சிட்டுக்குருவியின் பக்கத்தில் வைத்தால் அதன் குஞ்சு போலத் தெரியும். ஆண் பறவையின் முதுகு மஞ்சள் கலந்த இலைப்பச்சை. தொண்டையில் வெளிர் மஞ்சள் தொடங்கி, வயிற்றில் அது அடர்கிறது. வால் கறுப்பு. அலகு மெழுகு பூசியது போல் பளபளக்கும் சிவப்பு. பெண்ணுக்கும் அலகு சிவப்புதான். ஆனால் உடல் நிறத்தில் சாம்பல் கலந்து வெளிறியிருக்கும், விலாப் பட்டைகளும் ஆணிடம் இருப்பது போல் அழுத்தமாக இருக்கா. ஒரு கூட்டத்தில் சில பறவைகள் பளிச்சென்றும் சில மங்கலாகவும் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

இப்போது நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சைச் சில்லையைத் தேடிப் போகிறவர்கள் பச்சையைத் தேடுகிறார்கள். ஏமாறுவதும் அதனால்தான். காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் மண்டிய இடத்தில், உச்சி வெயிலில், இந்தப் பச்சை முற்றிலும் கரைந்துபோகும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் ஓர் இலை அசைவதற்கும் பறவை அசைவதற்கும் வேறுபாடு தெரியாது. அதிகாலை ஒளியில் மஞ்சளாகத் தோன்றும், நிழலில் பழுப்பாகத் தோன்றும். விலாப் பட்டைகள் மட்டும் எந்த ஒளியிலும் மாறுவதில்லை. மார்பின் பக்கத்திலிருந்து தொடைவரை குறுக்காக வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு என்று அடுக்கி வைத்திருக்கும். ஆகவே பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். அந்தச் சில நொடிப் பொறுமை, வேறு எந்தக் கையேடும் தராத உறுதியைத் தரும்.

அதே மலையில் அதே புதர்களில் வெள்ளைக்கண்ணிகளும் இருக்கும். அவையும் சிறியவை, பச்சையும் மஞ்சளுமானவை, கூட்டமாகத் திரிபவை. தொலைவிலிருந்து பார்த்தால் பலர் அவற்றையே பச்சைச் சில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமும் ஊசி போன்ற கறுத்த அலகும் தெரிந்தால் அது வெள்ளைக்கண்ணி. அது பூச்சியும் தேனும் பழமும் தேடி இலைகளுக்குள் நுழையும். புல் தாளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கதிரை உருவாது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இலைக்கதிர்க்குருவிகளும் பச்சை சாயலுடன் இருக்கும். அவற்றின் அலகும் மெலிந்தது, ஒரு நொடி சும்மா இருக்கமாட்டா. அலகின் வடிவம் உணவைச் சொல்லும். குட்டையான கூம்பு அலகு விதையை உடைப்பதற்கானது. இந்த ஒன்றை மனத்தில் வைத்தாலே குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

உண்மையான குழப்பம் சிவப்புச் சில்லையிடம்தான். இனப்பெருக்கக் காலத்து ஆண் சிவப்புச் சில்லையை யாரும் தவறவிடமாட்டார்கள், உடல் முழுக்கச் செந்நிறமும் வெண்புள்ளிகளுமாக இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் ஆண் அந்த உடையைக் களைந்து பெண்ணைப் போல மங்கிவிடும். அப்போது சாம்பல் பழுப்பு உடல், அதே அளவு, அதே சிவப்பு அலகு. அரைகுறை வெளிச்சத்தில் மங்கலான பெண் பச்சைச் சில்லை என்று எண்ணிவிடலாம். இரண்டு இடங்களைப் பாருங்கள். சிவப்புச் சில்லைக்கு முதுகின் கீழ்ப்பகுதி, அதாவது வாலுக்குச் சற்று மேலே, சிவந்திருக்கும். இறக்கைகளில் சிறு வெண்புள்ளிகள் இருக்கும். பச்சைச் சில்லைக்கு இரண்டும் கிடையாது. அதன் பிட்டத்தில் மஞ்சள் கலந்த பச்சைதான் தெரியும். அது பருவத்துக்குப் பருவம் உடை மாற்றுவதும் இல்லை.

கூண்டுச் சந்தேகத்துக்கு வருகிறேன். பறவை வணிகத்தில் மிகக் கொடிய ஒரு வழக்கம் உண்டு. சாதாரணச் சில்லைகளைப் பிடித்து, சாயத்தில் நனைத்து, பச்சையாகவும் மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் விற்பார்கள். அப்படிச் சாயம் பூசிய பறவை தப்பிப் பறந்தால், பார்ப்பவர் அரிய பறவை என்று மகிழ்ந்துபோவார். சாயம் எப்போதும் சீராகப் பிடிக்காது. இறக்கையை விரிக்கும்போது அடியில் பழைய பழுப்பு தெரியும், இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது திட்டுத்திட்டாக நிறம் மாறும். புள்ளிச் சில்லைக்குச் சாயம் பூசினாலும் அதன் சாம்பல் கறுப்பு அலகு காட்டிக்கொடுக்கும். சிவப்புச் சில்லைக்குப் பூசினால் இறக்கைப் புள்ளிகள் மிஞ்சும். விலாவில் ஒழுங்கான கறுப்பு வெள்ளைப் பட்டையை எந்தச் சாயக்காரராலும் வரைய முடியாது. தமிழ்நாட்டில் பச்சைச் சில்லை இயல்பாக வாழ்வதில்லை. ஆகவே இங்கே ஏதாவது நகரத்து மரத்தில் அசலான ஒன்றைப் பார்த்தாலும் அது கூண்டிலிருந்து வந்ததாகவே இருக்கும். பாகிஸ்தானின் லாகூர்ப் பக்கம் ஒரு காலத்தில் இவை வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. அவையும் தப்பிய பறவைகளின் வழிவந்தவைதாம். நகரங்களில் கிடைத்த பழைய பதிவுகளையெல்லாம் அறிஞர்கள் தயங்கித் தயங்கியே ஏற்றுக்கொள்வதற்கு இதுவே காரணம். உங்களுடையது ஆபு மலை. இந்தப் பறவையை இயற்கையில் நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய இடம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், எவரும் முதலில் சொல்லும் பெயர் அது.

குரலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெல்லிய, உச்சமான ‘ஸ்வீ, ஸ்வீ’ என்ற ஒலி. பாட்டு நீண்ட நடுக்கத்தில் முடியும். காற்று வீசும் மலையில் அது எளிதில் காதில் விழாது. ஆனால் ஒன்று பறந்ததும் கூட்டம் முழுவதும் ஒன்றையொன்று அழைத்தபடி எழும். அந்த நேரத்தில் அடையாளம் காண முயலாதீர்கள், எங்கே இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் தொலைதூரம் போகாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நூல்களில் புல்வெளிப் பறவை என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்ததும், கண்ணுக்கு எட்டிய வரை மரமே இல்லாமல் பசும்புல் அலையடிக்கும் சமவெளி நம் மனத்தில் விரிகிறது. பச்சைச் சில்லையின் நிலம் அப்படி இருக்காது. அதற்கு நெருக்கமான சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: கரடு. பாறைகள் சிதறிக்கிடக்கும் சரிவு, பாறை இடுக்குகளில் இடுப்பளவுக் கோரையும் புல்லும், முள்ளும் தாழ்ந்த புதரும், பள்ளத்தில் ஒரு கிணறோ ஓடையோ, அதை ஒட்டி மனிதர் உழுது பயிரிட்ட சிறு சிறு வயல்கள். இவை அத்தனையும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றில் எது ஒன்றும் தனியாகப் பறவைக்குப் போதாது.

ஏன் என்பதைப் பறவையின் ஒரு நாளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காலையில் புல்விதை தின்ன வேண்டும். அதுவும் மிகச் சிறிய விதைகள், தாளில் தொங்கியபடியோ தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கியோ தின்னும். உலர்ந்த விதை தின்னும் பறவைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். பூச்சி தின்னும் பறவை இரையிலேயே ஈரத்தைப் பெற்றுவிடும், இதனால் முடியாது. ஆகவே நீர்நிலை அருகில் இருக்க வேண்டும். வல்லூறு தலைக்கு மேலே வட்டமிட்டால் பாய்ந்து ஒளிந்துகொள்ள அடர்ந்த புதர் வேண்டும். இரவில் நெருக்கியடித்து உட்கார்ந்து உறங்கவும் அதே போன்ற அடர்த்தி வேண்டும். கூடு கட்டுவதற்கோ உயர்ந்த புல் திட்டோ கரும்பு வயலோ தேவை. அகலமான முரட்டுத் தாள்களை வைத்து உருண்டையாகக் கூடு பின்னி, வெள்ளை முட்டைகள் இடும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு. நீங்கள் நின்ற வரப்பைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பாறை, வயல், புதர் என்று மூன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அருகில் ஒரு கிணறும் இருந்திருக்கும் என்று என்னால் பந்தயம் கட்டமுடியும்.

உண்ணிச்செடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அயல்நாட்டுச் செடி, நம் காடுகளை விழுங்குவது, அகற்றப்பட வேண்டியது என்று சொல்லிப் பழகியவன் நான். இன்றும் அதே கருத்துதான். ஆயினும் ஆபு மலையில் பச்சைச் சில்லைகள் ஆபத்தென்றால் நுழைவதும், அடைவதும் பல இடங்களில் அந்த உண்ணிப் புதர்களில்தான். முன்பு அங்கே இருந்த உள்நாட்டுப் புதர்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போய்விட்டன. மிஞ்சிய மறைவு அதுதான். ஆகவே ஒரே பருவத்தில் மொத்தமாக வெட்டி எரித்துச் சரிவைத் துடைத்துவிட்டால், களைக்கு முன்னால் பறவைதான் போய்விடும். சிறிது சிறிதாக அகற்றி, அந்த இடத்தில் உள்ளூர்ப் புதர் வளர்ந்து மறைவு தரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த பகுதிக்குப் போவதே முறை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பகுதியில் மழை ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பரோடு ஓய்கிறது. மழையில் எழுந்த புல் அதற்குப் பிறகு கதிர் முற்றி விதை சொரிகிறது. பச்சைச் சில்லை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கூடு கட்டுகிறது. கோடையின் கடைசியிலும் மழைத் தொடக்கத்திலும், அதாவது மே முதல் ஜூலை வரை, கூடுகள் கண்டதாகவும் பதிவுகள் உண்டு. ஆனால் முக்கியமான பருவம் விதை நிறைந்த அந்தப் பின்மழைக் காலம். அந்த மாதங்களில் ஒரு சரிவின் புல்லைத் தீவனத்துக்காக அடியோடு அறுத்தாலோ தீ வைத்தாலோ, உணவும் கூடும் ஒரே நாளில் போய்விடும். பாதிப் புல்லை விதை உதிரும்வரை விட்டு வைத்தால் மாடும் பிழைக்கும், சில்லையும் பிழைக்கும்.

பறவையின் பரப்பு என்று பார்த்தால் நடு இந்தியா முழுவதும் சிதறிக்கிடக்கிறது. தெற்கு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசத்தின் தென்பகுதி, மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், ஒடிசா, ஆந்திரத்தின் வடபகுதி என்று பழைய பதிவுகள் நீளும். வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் அந்தப் பரப்பில் பறவை இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனித் தீவுகள் போல. ஒரு தீவில் அழிந்தால் அடுத்த தீவிலிருந்து வந்து நிரப்புவது கடினம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அழிவாய்ப்பு இனமாக வைக்கப்பட்டிருப்பதற்கு முதன்மைக் காரணம் கூண்டு வணிகம். கூட்டமாக வாழ்வதும், நாள்தோறும் அதே புதரில் அடைவதும், அதே தண்ணீருக்கு வருவதும் இதன் இயல்பு. வலைக்காரருக்கு அந்த இயல்பே வழிகாட்டி. ஒரு வலை, ஒரு மாலை, ஒரு கரட்டின் மொத்தக் கூட்டமும் முடிந்துவிடும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1990-91 முதல் இந்தியக் காட்டுப் பறவைகள் எதையும் பிடித்து விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலும் இது இருக்கிறது. ஆனாலும் திருட்டு வணிகம் ஓயவில்லை. சந்தையில் சில்லையைப் பார்த்து இரக்கப்பட்டு, விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் நாளைய வலைக்குப் போகிறது. வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

வணிகத்துக்கு அடுத்த ஆபத்து நிலத்துக்கு வைக்கப்பட்ட பெயர். நம் அரசு வரைபடங்களில் புல்லும் புதரும் உள்ள திறந்த நிலம் பெரும்பாலும் தரிசு நிலம் என்ற தலைப்பின் கீழ்தான் வரும். தரிசு என்று எழுதிவிட்டால் அதைப் பயனுள்ளதாக்குவது கடமையாகிவிடுகிறது. மரம் நடுவார்கள், சீமைக்கருவேலத்தைப் பரப்புவார்கள், கல் உடைப்பார்கள், விடுதி கட்டுவார்கள். மரம் நடுவதைக் கூடவா குறை சொல்வது என்று கேட்பீர்கள். புல் நிலத்தில் நெருக்கமாக மரம் நட்டால் நிழலில் புல் சாகும், புல் செத்தால் விதை இல்லை. ஆபு மலை சுற்றுலா ஊர். அச்சல்கர், ஓரியா, குரு சிகரம் செல்லும் சாலையோரம் உள்ள சிறு வயல்களும் அவற்றை ஒட்டிய கரடுகளுமே இந்தப் பறவையின் நிலம். 1,722 மீட்டர் உயரமுள்ள குரு சிகரத்தைப் பார்க்கப் போகும் வாகனங்கள் அந்த வயல்களைக் கடந்துதான் போகின்றன. அங்கே ஒரு கழனி கட்டடமாக மாறுவது யாருக்கும் இழப்பாகத் தோன்றுவதில்லை.

மறுபடி போவதாக இருந்தால், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வரப்புக்குப் போங்கள். பாறையில் சாய்ந்து, நிற உடை எதுவும் இல்லாமல், அசையாமல் உட்காருங்கள். பைனாகுலரை இலைகளில் அலையவிடாமல் ஆடும் புல் தாள்களில் வையுங்கள். காற்றில்லாதபோது ஒரு தாள் மட்டும் வளைந்தால் அதன் நுனியில் பறவை இருக்கும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். கூடு கண்ணில் பட்டால் அந்தக் கணமே பின்வாங்குங்கள். அதன் இடத்தைப் படத்தோடு எங்கும் வெளியிடாதீர்கள், ஏனெனில் அதைத் தேடிக்கொண்டிருப்பவர்களில் வலைக்காரர்களும் உண்டு. வயலுக்கு உரியவரிடம் பேசுங்கள். இந்தி பேசும் பக்கங்களில் இதை ஹரி முனியா என்பார்கள். எந்த மாதம் எந்த வயலில் வரும் என்று அவருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் வேறு ஏதோ குருவி என்று ஒதுக்கிய நான்காவது பறவை. உங்கள் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பச்சைச் சில்லையின் இளம்பறவைக்கு அலகு கறுப்பு. மேனி மங்கிய பழுப்புப் பச்சை, விலாவில் பட்டைகள் இன்னும் விழுந்திருக்கா. புள்ளிச் சில்லையின் இளம்பறவையும் பழுப்பு உடலும் கறுத்த அலகுமாகத்தான் இருக்கும் என்பதால், படத்தைப் பெரிதாக்கி அதன் முதுகில் பச்சை சாயல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது மற்ற மூன்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் அந்த வரப்புக்கு எங்கோ மிக அருகில் ஒரு கூடு இருந்து, அதிலிருந்து ஒரு குஞ்சாவது பறந்து வெளியே வந்திருக்கிறது. படத்தின் தேதியையும் இடத்தையும் குறித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக்கிய படத்தை எனக்கும் அனுப்பிவையுங்கள்.